பிரமிளா வீட்டு வேலிப் பூ

பத்தாங் காலியில் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் வந்து பிரமிளா வீடு எது என்று கேட்டால் யாரும் வீட்டு எண்ணைச் சொல்ல மாட்டார்கள். மீன் நாற்றம் எங்கே அடிக்கிறதோ அதுதான் என்பார்கள். பங்குனி, சித்திரையில் கேட்டால் மட்டும் மல்லிகை வாசம் எங்கே அடிக்கிறதோ அதுதான் என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி என்பதால் இரண்டையும் முழுசாக அனுபவிக்கிறவள் நான். என் பெயர் கங்கா. எனக்குத் தலையில் பூ வைத்தாலே தலைவலி வரும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பிரமிளா செரண்டாவில் கையுறை பெக்டரியில் லைன் லீடர். நானும் அதே பெக்டரி, அதே வேன். அவள் புருஷன் ரவீந்திரன் ஜெராமிலிருந்து மீன் லோரி ஓட்டுகிறவர். வீட்டுக்கு வரும்போது மீன் கழுவிய தண்ணீரையும் இறால் ஓட்டையும் வாளியில் கொண்டுவருவார். அதெல்லாம் செடிக்கு உரம். வீடு வரிசையின் கோடியில் இருப்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் மண் உண்டு. மண் போதாத இடத்தில் பெயிண்ட் தோம்பு, உடைந்த ஐஸ் பெட்டி, பழைய சிங்க் என்று எதையும் விடாமல் நட்டு வைத்திருப்பாள். அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கவே கொஞ்சம் பயமாக இருக்கும், நம்மையும் நட்டுவிடுவாளோ என்று.

இந்த நாட்டில் வெயிலும் மழையும் தோன்றினபோது வருகிறவை. ஆனாலும் பூவுக்கு ஒரு கணக்கு இருக்கத்தான் செய்கிறது. தைப்பூசம் முடிந்து வெயில் காயும்போது செண்டுப்பூ மஞ்சளாகக் கொட்டும். அது ஓயும் நேரத்தில் முதல் மழை விழுந்தால் மல்லிகை மொட்டு வைக்கும். நடுநடுவே மழை கனத்துப் பெய்த வாரத்தில் தரையோடு தரையாக ரோஸ் லில்லி எட்டிப் பார்க்கும். அரளிக்கு மட்டும் எல்லா மாதமும் ஒன்றுதான்.

பூ என்று ஒன்று வேலிக்கு வெளியே நீட்டினால் அதைப் பறிக்க எங்கள் வரிசையில் யாரும் கூச்சப்படுவதில்லை. விடிகாலையில் பிளாஸ்டிக் பை ஒன்று, செருப்புச் சத்தம் ஒன்று, பட் பட்டென்று காம்பு ஒடியும் ஓசை. எட்டிப் பார்த்தால், "சாமிக்குத்தாம்மா" என்பார்கள். சாமிக்கு என்று சொல்லிவிட்டால் அது திருட்டு இல்லை. மிளகாயை இப்படிப் பறித்தால் சண்டைக்கு வருவோம். பூவுக்கு வாய் திறக்க மாட்டோம். பிரமிளாவும் யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தினமும் தவறாமல் வருகிறவர் நாராயணசாமி. பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தோட்டத்தில் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டு, மனைவி இறந்த பிறகு மகன் வீட்டோடு வந்து சேர்ந்த மனிதர். அதிகம் பேச மாட்டார். ஒரு கை மல்லிகை பறிப்பார், "சாமிக்கு" என்பார், போய்விடுவார்.

எங்கள் தாமான் நிற்கும் இடம் முன்னே ரப்பர் தோட்டம். தொழிலாளர் குடியிருந்த லயங்கள் எல்லாம் போய்விட்டன, மாரியம்மன் கோயில் மட்டும் போகவில்லை. போன வருஷம் திருவிழாக் கூட்டத்தில் பிரமிளா எழுந்து நின்றாள். கரகத்துக்குக் கடையில் வாங்கும் கேமரன் மலைப் பூ ஐஸ் பெட்டியில் கிடந்து வருகிறது, ஆத்தாவுக்கு ஜலதோஷம் பிடிக்கப் போகிறது என்றாள். இந்த வருஷம் கரகம் முழுக்க என் வீட்டுப் பூதான் என்றும் சொன்னாள். கோயில் தலைவர் திருச்செல்வம் சிரித்தார். போதவில்லை என்றால் என்ன செய்வாய் என்று கேட்டார்.

"கரகத்துல ஒரு கைப் பூ கொறைஞ்சாலும் அடுத்த வருஷம் கூட்டத்துல நான் வாயத் தொறக்க மாட்டேன் தலைவரே."

கூட்டம் கைதட்டியது. பிரமிளா வாயை மூடுவது என்றால் சும்மாவா? கணக்குக் கேட்பவள் அவள். சமையல் கூடத்துக்குக் கூரை போட வைத்ததும், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கட்ட வைத்ததும் அந்த வாய்தான். அவளிடமிருந்து அதைப் பறித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்கு அப்போதே கவலை.

அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. மல்லிகைக்குத் தண்ணீரை நிறுத்தினாள். இலையை உருவினாள், கிளையை வெட்டினாள். பார்க்கிறவர்கள் செடி செத்துவிட்டது என்றார்கள். திருச்செல்வம் மோட்டார் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டு, கடைக்குச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். பயப்படாமல் போங்கள் என்று அனுப்பிவிட்டாள். பிறகு ஒருநாள் வாளி வாளியாகத் தண்ணீரும் மீன் கழுவலும் ஊற்றினாள். அந்த வாரம் நான் ஜன்னல் திறக்கவில்லை. திருவிழா நெருங்கியபோது வேலி பச்சையா வெள்ளையா என்று தெரியவில்லை, அவ்வளவு மொட்டு.

திருவிழாவுக்கு முதல் நாள் எங்களுக்கு இரவு ஷிப்ட். ரவீந்திரன் ஜெராமுக்குப் போய்விட்டார். காலையில் வேனை விட்டு இறங்கினோம். வேலி மொட்டையாக நின்றது. அரளி இல்லை, செண்டு இல்லை, மல்லிகையில் மொட்டுகூட இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. அன்று காலை பால்குடம். வரிசையில் பாதி வீடு குடம் எடுக்கிறது. குடத்துக்குப் பூச் சுற்ற வேண்டும். இவ்வளவு பூத்துக் கிடக்கிறதே, ஒரு கை எடுத்தால் தெரியவா போகிறது என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்த வரிசையையே கிழித்திருப்பேன். பிரமிளா உள்ளே போய்த் துணிக் கூடையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். யூனிபார்மைக்கூட மாற்றவில்லை.

முதல் வீடு குமுதா வீடு. குளித்து மஞ்சள் புடவை கட்டி, குடத்துக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது.

"சாமிக்குன்னுதானே பறிச்சீங்க? இப்ப சாமிக்குத்தான் கேக்கறேன் லா. குடுங்க" என்றாள் பிரமிளா.

குமுதா சரத்தை எடுத்துக் கூடையில் போட்டாள். குடத்துக்கு வேப்பிலை போதும், ஆத்தா கோபிக்க மாட்டாள் என்று சமாதானம் சொல்லிவிட்டு பிரமிளா அடுத்த வீட்டுக்கு நடந்தாள். தலையில் வைத்துவிட்டவர்களை மட்டும் விட்டாள், தலையில் வைத்த பூ சாமிக்கு ஆகாது. சிலர் கதவு தட்டும் முன்பே தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். பாதிப் பூ தொடுத்தே வந்தது, எனக்கு வேலை மிச்சம் என்று அவள் சிரித்தாள். என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசி வீடு நாராயணசாமியுடையது. மகன் குடும்பம் கோயிலுக்குப் போயிருந்தது. அவர் கதவைப் பாதி திறந்து அப்படியே நின்றார். பிரமிளா கேட்க வேண்டியதைக் கேட்டாள். அவர் வழி விட்டார். உள்ளே சாமி மேடையில் பிளாஸ்டிக் மாலைதான் தொங்கியது. எதிர்ச் சுவரில் ஓர் அம்மாவின் படம். படத்தைச் சுற்றி இரண்டு கை கொள்ளும் அளவு மல்லிகை, அப்போதுதான் வாய் திறந்துகொண்டிருந்தது.

"சாமிக்குன்னு பொய் சொல்லிட்டேம்மா. செத்தவங்க படத்துக்குன்னு சொன்னா காலங்காத்தால யாரு பூ குடுப்பா? திருநாள்ன்னா அவ தலை நெறைய வெப்பா. அதான் இன்னைக்குக் கொஞ்சம் கூட எடுத்துட்டேன்."

சொல்லிவிட்டுச் சரத்தைக் கழற்றக் கையைத் தூக்கினார்.

"தொடாதீங்க மாமா. அது அத்தைக்கு வெச்ச பூ" என்றாள் பிரமிளா. படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தாள். வழியில் என்னிடம் ஒன்றுதான் சொன்னாள், இதை யாரிடமும் வாய் விடக்கூடாது என்று.

சாயங்காலம் ஆற்றங்கரையில் கரகம் ஜோடித்தார்கள். உச்சியிலிருந்து வரிசை வரிசையாகச் செண்டும் அரளியும் மல்லிகையும் இறங்கி வந்தன. பார்க்கக் கண் போதவில்லை. ஆனால் அடி வரிசை முடியும் இடத்தில் பூ தீர்ந்துவிட்டது. ஒரு கை அகலம் வெறுமையாக இருந்தது. பிரமிளா அதில் வேப்பிலையைச் செருகினாள். திருச்செல்வம் கண்ணில் அது படாமலா போகும்? எல்லாரும் கேட்கும்படி, ஒரு கைப் பூ குறைகிறதே என்றார்.

நான் வாயைத் திறந்தேன். பிரமிளா என் காலை மிதித்தாள், நன்றாகவே மிதித்தாள்.

"கொறையுது தலைவரே. சொன்ன வார்த்தை வார்த்தைதான்."

கூட்டத்தின் ஓரத்தில் நாராயணசாமி நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்த வருஷக் கூட்டம் போன மாதம் நடந்தது. பிரமிளா முன் வரிசையில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். கணக்கை வாசித்தார்கள், அவள் வாய் திறக்கவில்லை. சமையல் கூடத்துக் குழாய் உடைந்து கிடப்பதைப் பற்றி யாருமே பேச்சு எடுக்கவில்லை. கரகப் பூவுக்குக் கடையிலேயே சொல்லிவிடலாம் என்று திருச்செல்வம் முடிக்கப் போனபோது பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. நாராயணசாமி எழுந்து நின்றார்.

"போன வருஷம் கொறைஞ்ச பூ எங்க வீட்டுல இருந்துச்சு. செத்துப்போன என் சம்சாரம் படத்துல. இந்தப் பொண்ணு பார்த்துச்சு, எடுக்கல, யாருகிட்டயும் சொல்லவும் இல்ல. அது பேசணும் தலைவரே."

குமுதா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். திருச்செல்வம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், பேசும்மா என்றார்.

பிரமிளா எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டாள்.

"மொதல்ல அந்தக் கொழாய மாத்துங்க. அப்புறம், இந்த வருஷமும் கரகத்துக்கு என் வீட்டுப் பூதான். ஒரு கை கொறையும். இப்பவே சொல்லிட்டேன்."