வாயைத் திறந்தால் எண்பது

அலுவலகத்தில் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அது வைத்ததுதான் சட்டம். சிறையிலிருந்து நிபந்தனையோடு வெளியே வந்தவன் திருந்துவானா மாட்டானா என்று மார்க் போட்டுச் சொல்லும் கணினி அது. ஒவ்வொரு மேசைமேலும் தீப்பெட்டி அளவில் ஒரு மைக். பேசுவதை அதுவே கேட்கும், அதுவே எழுதும். நூற்றுக்கு எண்பதைத் தொட்டால் கோப்பு தானாக நீதிமன்றத்துக்குப் போய்விடும். அப்படிப் போன ஆள் மறுபடி உள்ளே போகாமல் தப்பியதாகச் சரித்திரமே இல்லை.

அவள் அங்கே இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டிய நன்னடத்தை அலுவலர். ஆட்களை வாரம் ஒருமுறை கூப்பிட்டு விசாரித்து எழுதுவது வேலை. அதில் அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. முதல் நாளே சொல்லிவிடுவாள்: "பொய் மட்டும் சொல்லாதே, எனக்கு மூக்குல வேர்த்துடும். குடிக்கத் தோணுச்சா, சொல்லு. யாரையாவது அடிக்கக் கை துறுதுறுன்னுச்சா, சொல்லு. செஞ்சாத்தான் தப்பு. தோணினதைச் சொன்னா உனக்குத்தான் நல்லது."

சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதினாள். நீதிபதிகளும் படித்துவிட்டு, மனசைத் திறக்கிறான், தேறிவிடுவான் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வந்ததும் அந்தப் பக்கங்களை ஒரே மத்தியானத்தில் விழுங்கியது. குடிக்கத் தோன்றியதா, இரண்டு மார்க். கோபம் வந்ததா, மூன்று. 'நலம், புகார் இல்லை' என்று ஒரு வரி கிறுக்கிவிட்டு டீ குடிக்கப் போனார்களே மற்ற அலுவலர்கள், அவர்களுடைய ஆட்களெல்லாம் முப்பதில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்கள். அவளை நம்பி வாய் திறந்தவர்கள்தான் எழுபதில் நிற்கிறார்கள். வயிறு எரியாதா?

அதிலும் ஒரு வெல்டர், அவனுக்கு எழுபத்தெட்டு. குடிபோதையில் அக்கா புருஷனைக் கம்பியால் அடித்துவிட்டு உள்ளே போனவன். முதல் எட்டு மாதம் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தான். ஒன்பதாம் மாதம் வாய் திறந்தவன் பிறகு நிறுத்தவே இல்லை. கடை வாசல்வரை போய்த் திரும்பியது, கனவில் மச்சானின் உடைந்த தலை வருவது, எல்லாம் சொன்னான். இரண்டு வருடமாக ஒரு சொட்டு தொட்டதில்லை, ஒருவர்மேலும் கை ஓங்கியதில்லை. இன்னும் நாலு வாரம் தாண்டினால் விடுதலை.

அவள் மேலதிகாரியிடம் போய் நின்றாள். "சார், அவன் செய்யாததுக்கெல்லாம் மார்க் போட்டிருக்கு. எல்லாம் நான் எழுதினது."

"நான் என்னம்மா பண்றது? மார்க்கை மாத்த ஒரு ஆபீசருக்கு வருஷத்துக்கு மூணு தடவைதான். நீங்க மூணையும் தீத்துட்டீங்க."

"நாலாவதா ஒண்ணே ஒண்ணு, சார்."

"ஒன்பது பேர் இருக்கோம். அடுத்த வருஷம் நாலு பேர் போதுமாம். மாப்பிள்ளையோட ஒத்துப்போறவங்களைத்தான் வச்சுக்குவாங்க. உங்க வீட்டுக்காரர் வேற படுத்த படுக்கையா இருக்கார். பாத்து நடந்துக்குங்கம்மா."

மிரட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள். அந்த மனுஷன் அக்கறையாகச் சொல்லித் தொலைத்தான்.

இனி இங்கே வாய் திறக்காதே என்று அவனை எச்சரிக்க வேண்டும். வெளியே வைத்துப் பேசலாமென்றால் வெல்டரின் கணுக்காலில் கண்காணிப்புப் பட்டை. அவன் எங்கே நின்றாலும் மாப்பிள்ளைக்குத் தெரியும். போனும் அதன் கையில். எழுதிக் காட்டலாமென்றால் அவனுக்குத் தன் பெயருக்கு மேல் படிக்க வராது. அவன் அக்காவிடம் சொல்லி அனுப்பலாமென்றால், அந்தப் புண்ணியவதிதான் அடிபட்டவன் பெண்டாட்டி. யோசித்து யோசித்து அவளுக்கு மண்டை காய்ந்துபோனது. வேலையை விடவும் முடியாது, அவனை விடவும் முடியாது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அவன் வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. நாற்காலி நுனியில் உட்கார்ந்த வேகத்திலேயே ஆரம்பித்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்லியே ஆகணும். நேத்து மச்சான் பட்டறைக்கு வந்து..."

அவள் பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அதற்குள் திரையில் எழுபத்தொன்பது. பாழாய்ப்போன மாப்பிள்ளை, மச்சான் என்ற பேச்சுக்கே ஒரு மார்க்.

வெல்டர் மைக்கைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

"வேலைக்கு ஒழுங்காப் போறியா?" என்று கேட்டாள்.

"போறேன்."

"தூக்கம்?"

"நல்லா வருது."

"கோபம் கீபம் ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

ஒவ்வொரு பொய்க்கும் மார்க் இறங்கியது. எழுபத்தாறு, எழுபத்திரண்டு, கடைசியில் அறுபத்தெட்டில் நின்று பச்சை விளக்கு எரிந்தது. வாழ்நாளில் எவனிடமும் அவள் இப்படிப் பொய்யைக் கேட்டு வாங்கியதில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. நேற்று மச்சான் வந்து என்ன சொன்னான், இவன் மனதில் இப்போது என்ன ஓடுகிறது, ஒன்றும் தெரியவில்லை. கேட்கவும் வழியில்லை.

அவன் எழுந்தான். கதவைப் பிடித்தபடி திரும்பினான்.

"அப்போ இனிமே யார்கிட்டக்கா சொல்றது?" மெல்லத்தான் கேட்டான்.

அவள் மைக் இருந்த பக்கம் குனிந்து, "அடுத்த செவ்வாய், பதினொரு மணி," என்றாள்.