ஒப்போண்டோவும் ஊகென்யாக்காரியின் டிவியும்

“இந்த வீட்டுல சமீபத்துல சாவு எதாவது விழுந்துதா?”

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒப்போண்டோ இதைத்தான் கேட்பார். டிவி ரிப்பேருக்கு வந்த மனிதர் எடுத்த எடுப்பில் சாவைக் கேட்டால் யாருக்குத்தான் முகம் சுருங்காது? புதிதாகக் குடிவந்தவர்கள் இரண்டடி பின்வாங்குவார்கள். பழகிய வீட்டார் மட்டும் அலட்டிக்கொள்ளாமல், “ஆமா, ஏப்ரல்ல எங்க சின்ன மாமா” என்பார்கள்.

“ஸ்பீக்கரை எங்க வெச்சீங்க?”

“மழை வந்துதுன்னு உள்ளாற தூக்கிட்டு வந்தோம். டிவி பக்கத்துலதான்.”

“அதான் நியூஸ் வாசிக்கிற பொண்ணுக்கு ஒரு கன்னம் பச்சையா இருக்கு.”

எங்கள் கிசுமு நகரத்தில் சாவு வீடு என்றால் நாலு நாளைக்குப் பாட்டு உண்டு. ஆளுயர ஸ்பீக்கர்கள் வாடகைக்கு வரும். மழை பெய்தால் சம்பந்திகள் நனையலாம், ஸ்பீக்கர் நனையக் கூடாது. அதிலுள்ள காந்தம் பழைய குண்டு டிவியின் நிறத்தைக் கலைத்துவிட்டுப் போய்விடும். ஒப்போண்டோ தோள்பையிலிருந்து கம்பி சுற்றிய பெரிய வளையத்தை எடுத்து, திருஷ்டி கழிப்பதுபோலத் திரைக்கு முன்னால் சுற்றிச் சுற்றிக் காட்டியபடி பின்னாலேயே நகர்ந்து கதவுவரை போவார். கன்னம் சரியாகிவிடும். “அடுத்த சாவுக்கு ஸ்பீக்கரை மாட்டுக் கொட்டகையில வைங்க” என்று வீட்டிலிருக்கும் முதியவர்களின் காதுபடவே சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்புவார்.

ஐம்பத்தேழு வயது, ஒடிசலான உடம்பு. கோண்டேலே சந்தை முனையில் சொந்தக் கடை இருக்கிறது. சுவரில் மாட்டுகிற தட்டை டிவிகள் அங்கே ரிப்பேருக்கு வரிசை கட்டி நிற்கின்றன, பிழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் பழைய குண்டு டிவி என்றால் கடைக்குக் கொண்டுவர விடமாட்டார், தானே வீட்டுக்கு வருவார். “கிழவனை மோட்டார் பைக்ல கட்டித் தூக்கிட்டு வந்தா, வர்ற வழியிலேயே பாதி உசிரு போயிடும். நாமதான் போய்ப் பாக்கணும்” என்பது அவர் கட்சி.

வந்ததும் டிவிமேல் போர்த்தியிருக்கும் பின்னல் துணியை உருவுவார். எங்கள் வீடுகளில் நாற்காலி, மேசை, ரேடியோ எதற்கும் பின்னல் துணி போர்த்தாமல் இருக்க மாட்டோம். அது காற்றுத் துளைகளை அடைத்து உள்ளேயிருப்பதையெல்லாம் வேக வைத்துவிடும். ஒருமுறை எங்கள் வீட்டில், “இந்த வெயில்ல உங்க மாமியாருக்குக் கம்பளி போத்தி உக்கார வெப்பீங்களா?” என்று கத்தினார். “தாராளமா வெப்பேன்” என்றாள் என் மனைவி.

தீர்ப்புச் சொல்லும்வரை தேநீர் தொடமாட்டார். “டீ உள்ள போச்சுன்னா நாக்கு வளைஞ்சுடும்” என்பார். தீர்ப்பு இரண்டே வகை. ஒன்று, “கை வெக்கலாம்.” இன்னொன்று, “கோழிக்குக் குடுத்துடுங்க.” அதாவது உள்ளேயிருப்பதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கூட்டைக் கோழி முட்டையிட வைத்துக்கொள்ளலாம். எங்கள் சந்தில் ஐந்து வீட்டுக் கோழிகள் டிவிக்குள்தான் அடைகாக்கின்றன. அவர் கோழி என்றால் கோழிதான், அதற்கு மேல் பேச்சில்லை. அந்த வார்த்தைக்காகவே அவரை நம்புகிறவர்கள் உண்டு.

போன ஞாயிறு, தேவாலயம் முடிந்து வரும் வழியில், அவர் ஊகென்யாக்காரியின் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்து நானும் உள்ளே நுழைந்தேன். ஊகென்யா என்கிற பகுதியிலிருந்து கல்யாணமாகி வந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். ஒப்போண்டோ அண்ணன் என்று கூப்பிட்டுவந்த அவள் கணவர் ஒடேரா இறந்து மூன்று வருடமாகிறது. நைரோபி மகள் வாங்கி அனுப்பிய புது டிவி அட்டைப்பெட்டி பிரிக்காமல் சுவரோரம் நின்றது. ஒப்போண்டோ என்ன சொல்கிறாரோ அதன்படிதான் நடப்பேன் என்று மகளிடம் சொல்லிவிட்டாள். அவள் பயமெல்லாம் அந்தக் கோழி வார்த்தைதான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“என்ன கொழுந்தா, வாசல்லயே நிக்கிறே? சாவு விழுந்துதான்னு கேக்கலையா?”

“குழி வெட்டினவங்கள்ல நானும் ஒருத்தன்தானே அண்ணி. உள்ள வந்து முதல்ல டீ குடிக்கிறேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தீர்ப்புக்கு முன்னால் அவர் தேநீர் கேட்டு நான் பார்த்ததேயில்லை.

அது சாதாரண டிவி இல்லை. மொம்பாசா துறைமுகத்தில் வேலை பார்த்த ஒடேரா, எண்பத்தெட்டில் இரண்டு ராத்திரி ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். சந்திலேயே முதல் கலர் டிவி. நாங்கள் தரையில் உட்கார்ந்து, சன்னலில் தொங்கி, ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து பார்த்தோம். அந்த அறையின் வியர்வை வாடையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அப்படி ஒரு கூட்டம் இனி எங்கே கூடப்போகிறது?

தொண்ணூறில் உலகக் கோப்பை. கேமரூன் அர்ஜென்டினாவோடு மோதும் முதல் ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது படம் சுருண்டு, நடுவில் ஒற்றை வெள்ளைக் கோடாகிவிட்டது. அப்போது ஒப்போண்டோ ரேடியோ மட்டும் பார்ப்பவர், டிவியைத் திறந்ததே கிடையாது. ஒடேரா டார்ச் பிடிக்க, அன்றுதான் முதன்முதலாகத் திறந்தார். ஏதோ ஓரிடத்தில் பற்றவைப்பு விட்டிருந்தது. உகாலிக் களி கிண்டும் மரத்துடுப்பை வாங்கி அங்கே அழுத்தினார். படம் விரிந்தது, கையை எடுத்தால் மறுபடி கோடு. பற்றவைக்க நேரமில்லை. ஆட்டம் முடியும்வரை துடுப்பை அழுத்திக்கொண்டு டிவிக்குப் பின்னாலேயே நின்றார்.

“கேமரூன் ஒன்பது பேரா ஆடி ஜெயிச்சதை ஊரே பாத்துது. நான் பாத்தது அண்ணன் மூஞ்சியை மட்டும்தான். அந்த மூஞ்சியைப் பாத்தே கோல் விழுந்ததைத் தெரிஞ்சுக்கிட்டேன்” என்பார்.

அந்த டிவியில் இப்போது படம் வரவே இருபது நிமிடமாகிறது. வந்தாலும் கஷாயத்தில் முக்கியெடுத்த மாதிரி இருக்கிறது. அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“சர்க்யூட் எல்லாம் கல்லு மாதிரி இருக்கு அண்ணி. டியூப்தான் மங்கிப் போச்சு. இந்த டியூப் இனிமே எங்கயும் கிடைக்காது.”

“ஏதோ ஊசி போடுவியாமே?”

“போடலாம். டியூபுக்குக் கொஞ்ச நேரம் கரண்டை ஏத்திக் குடுக்கறது. பிடிச்சுதுன்னா ஆறு மாசம் பளிச்சுன்னு இருக்கும். பிடிக்கலைன்னா இப்பவே, என் கையிலயே போயிடும். போடாம விட்டா இப்படியே இன்னும் ஒரு வருஷம் ஓடும்.”

“அப்ப கோழின்னு சொல்லிடேன், கொழுந்தா.”

“வேற யார் வீடா இருந்தாலும் வாசல்லயே சொல்லியிருப்பேன். இங்க வாய் வரமாட்டேங்குது.”

ஊகென்யாக்காரி இடுப்பில் கட்டியிருந்த துணியால் கைகளைத் துடைத்துக்கொண்டாள். “ஒரு வருஷம் மங்கலாவே படுத்துக் கிடந்ததை இந்த வீட்டுல நான் ஒரு தடவை பாத்துட்டேன். இன்னொரு தடவை முடியாது. ஊசி போடு. போனா உன் கையில போகட்டும். முதல்ல கை வெச்சவன் நீதானே?”

அவர் பின்மூடியைத் திறந்து, தானே செய்த சின்ன மரப்பெட்டியிலிருந்து ஒயர்களை டியூபின் வாலில் மாட்டினார். பொத்தானை அழுத்தி உதட்டுக்குள் எண்ணினார். டியூபின் கழுத்துக்குள் ஒரு சிவப்பு கனன்று அடங்கியது. ஒயர்களைக் கழற்றி, பழையபடி மாட்டி, டிவியைப் போட்டார்.

பளீரென்று படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பாடகர் குழு நின்று பாடிக்கொண்டிருந்தது.

“அட, நீலமா போட்டிருக்காங்க! ரெண்டு வருஷமா இவங்க கறுப்பு போட்டு எழவுக்குப் பாடறாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேனே, பாவி!” அவள் கைதட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒப்போண்டோ மட்டும் சிரிக்கவில்லை, திரையின் ஓரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று பாட்டு தாங்கியது. நாலாவது பாட்டில் நீலம் சாம்பலானது. பிறகு முகங்கள் போயின. பிறகு ஒன்றுமில்லை. பாட்டு மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அவர் அணைக்கக் கை நீட்டினார்.

“இருப்பா, பாடி முடிக்கட்டும்” என்றாள் அவள்.

முடியும்வரை மூன்று பேரும் இருண்ட கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அவரே பிளக்கைப் பிடுங்கினார்.

டிவி திறக்கும் எந்தக் கைக்காரரும் பின்மூடியின் எட்டுத் திருகாணியையும் திரும்பப் போடுவதில்லை. நாளைக்கே மறுபடி திறக்க வேண்டியிருக்கும், எதிரெதிர் மூலையில் இரண்டு போதும். இந்த டிவியும் முப்பத்தைந்து வருடமாக இரண்டில்தான் நின்றது. ஒப்போண்டோ தோள்பையைத் தரையில் கவிழ்த்து, கண்ணருகே பிடித்து அளவு பார்த்து, ஆறு திருகாணிகளைப் பொறுக்கினார். மண்டியிட்டு, ஒவ்வொன்றாக, எட்டையும் கடைசிச் சுற்றுவரை இறுக்கினார்.