வாசிப்பு வட்டத்தின் நாலாவது வீடு

அமெரிக்க அடிமைமுறையின் வரலாற்றைப் படிக்க ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கியது நான்தான். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் தட்டச்சர் வேலை. புத்தகக் கண்காட்சியில் பழக்கமான ராஜபாளையத்துக்காரர்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டேன். ஒருவர் பஞ்சாலை முதலாளியின் மனைவி, நாங்கள் மில்லம்மா என்போம். இன்னொருவர் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர். மூன்றாமவர் கல்லூரி ஆசிரியை.

சாதியைப் பற்றிப் படிக்கலாம் என்று கூப்பிட்டிருந்தால் ஒருத்தரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அமெரிக்கா என்றால் வருவார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த பாவத்துக்கு அழுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. அங்கே பார்த்து அழப் பழகியவர்கள் ஒருநாள் இங்கேயும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். பெரிய மூளைக்காரி என்ற நினைப்பு எனக்கு.

மாதம் ஒரு ஞாயிறு, முறை வைத்து ஒருவர் வீடு. வாசித்து முடித்ததும் அந்த வீட்டில் கை நனைக்காமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது. இந்த விதியைப் போட்டது மில்லம்மா.

முதல் மாதம் அவர் வீடு. கப்பலின் அடித்தளத்தில் மனிதர்களைச் சங்கிலியில் கட்டிப் படுக்கவைத்த அத்தியாயம். “எப்படித்தான் மனசு வந்துச்சோ பாவிகளுக்கு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்கு இன்னொரு அடை வைத்தார். அடுத்த மாதம் பட்டாளத்துக்காரர் வீட்டில் அடிமைச் சந்தையைப் பற்றிப் படித்தோம். “நம்ம ஊர்ல இந்தக் கொடுமையெல்லாம் கெடையாது. நாம எல்லாரும் ஒரே கலர்தான?” என்றார் அவர். ஆசிரியை தலையாட்டினார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வாயில் பணியாரம் இருந்ததால் தப்பித்தேன்.

மூன்றாவது ஆசிரியை வீடு. கிளம்பும்போது, “ஒங்க வீடு ஸ்ரீவில்லிபுத்தூர்ல எந்தப் பக்கம்?” என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் யாரும் வழி தெரிந்துகொள்ள இதைக் கேட்பதில்லை. காலனி என்று சொன்னேன். அந்த ஒரு சொல் போதும், என் சாதி முழுக்க அதில் இருக்கிறது. “ஓ, நல்ல காத்தோட்டமான எடமால்லா இருக்கும்” என்றார். மற்ற இருவரும் செருப்பைத் தேடினார்கள்.

நாலாவது என் முறை. என் வீட்டில் சாப்பிடுவார்களா? எனக்கு அது ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது. மற்ற வரலாறெல்லாம் புத்தகத்திலேயே இருந்தது.

அம்மா விடியும் முன்பே உளுந்து ஆட்டிவிட்டாள். காலமெல்லாம் அடுத்தவர் வயலில் களை எடுத்தவள். இத்தனை பெரிய மனிதர்கள் அவள் வாசலுக்கு வந்ததில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கடைக்குப் போய்ப் பால்கோவாவும் வாங்கி வந்தாள்.

மூவரும் ஒரே காரில் வந்தார்கள். எசமானன் வீட்டில் சமைத்த அடிமைப் பெண்ணைப் பற்றிய அத்தியாயம். எல்லாருக்கும் ஆக்கிப் போட்டுவிட்டு, அவள் புறவாசலில் நின்று மிச்சத்தைத் தின்றாள். மில்லம்மா புத்தகத்தைப் படாரென்று மூடினார். “அவ ஆக்குனது வேணுமாம், அவகூட உக்காந்து திங்க மட்டும் ஆகாதாமா? இவனுகள்லாம் மனுசங்களா?”

அம்மா வடைத் தட்டோடு வந்தாள்.

“எனக்கு சுகரும்மா” என்றார் மில்லம்மா. வடைக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்? பட்டாளத்துக்காரருக்கு வயிறு சரியில்லை. ஆசிரியை வரும் வழியில்தான் சாப்பிட்டாராம். அந்த எசமானன் கொடூரன்தான். ஆனால் அடிமை ஆக்கியதை அவன் வயிறு முட்டத் தின்றான். என் அம்மா சுட்ட வடைக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை.

மூன்று முகத்தையும் அம்மா மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே போய்ப் பால்கோவா டப்பாக்களோடு வந்தாள்.

“இது கடையில வாங்குனதும்மா. ஒட்டுன டப்பா ஒட்டுனபடியே இருக்கு. நாங்க கை வைக்கல.”

நான் எழுந்துவிட்டேன். அதற்குள் மில்லம்மாவின் கை நீண்டிருந்தது. “அட, ஒங்க ஊருக்கு வந்துட்டு இத வாங்காமப் போகலாமா?” என்று பைக்குள் வைத்துக்கொண்டார். சுகர் எங்கே போனதோ. மற்ற இருவரும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மாதத்துக்கான அத்தியாயத்தையும் முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

எனக்குக் காரை மறித்து, இதுவரை அழுததையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அம்மா வாசலில் நின்று கார் திரும்பும்வரை கையசைத்தாள். திரும்பி வந்தவள் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

“பெரிய எடத்து ஆளுக. நம்ம வீட்டுல கை நீட்டி வாங்கிட்டாவல்லா” என்றபடி வடைத் தட்டை மூடினாள். “அடுத்த தடவ வடையெல்லாம் வேண்டாம்ட்டி. டப்பா மட்டும் வாங்கிருவோம்.”