லோரிஸ் வீட்டுக்கு நற்கருணை

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிற நுஹாத் அளவுக்குப் பயந்த பெண்ணை அலெப்போ முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. சண்டை வந்த பிறகு எல்லோரும்தான் பயந்தோம். அவள் அதற்கு முன்பே லிஃப்ட், பல் டாக்டர், பூனை, இடி, பால்கனி எல்லாவற்றுக்கும் பயப்படுவாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்கு வெளிச்சத்திலும் பேய் தெரியும்.

பயம் வந்தால் பேசுவாள். பயம் எப்போதும் இருந்ததால் எப்போதும் பேசினாள். கீழ்த்தளத்தில் அவள் வைத்திருந்த அழகு நிலையத்துக்கு முடி வெட்டிக்கொள்ளப் போனவர்களைவிட ஊர்க்கதை கேட்கப் போனவர்களே அதிகம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மூன்று மாப்பிள்ளைகள் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மூன்று பேரும் காப்பி ஆறுவதற்குள் எழுந்து போய்விட்டார்கள். இவள் வாயை மூடினால்தானே அவர்கள் சம்மதம் சொல்ல முடியும்?

அந்த நாக்குதான் லோரிஸின் வீட்டைக் கெடுத்தது. எதிர்த்தெருவில் லோரிஸும் முடி அலங்காரக் கடை வைத்திருந்தாள். தொழில் போட்டி இருந்தாலும் இரண்டு பேரும் சிநேகிதிகள்தான், ஏலக்காய் காப்பி இந்தக் கடைக்கும் அந்தக் கடைக்கும் போய் வரும். லோரிஸின் மகள் நஜ்லாவுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்துகொண்டிருந்தது. அப்புறம் நின்றுவிட்டது. நுஹாத்துக்கு அது தெரியும். நஜ்லாவுக்கு நிச்சயமான பிறகு ஒரு நாள், ஒருத்தியின் தலையில் சாயம் பூசிக்கொண்டே, "பாவம் அந்தப் பொண்ணு, வலிப்பு நின்னு இப்ப நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டாள். சாயம் பூசிக்கொண்டவள் மாப்பிள்ளையின் சித்தி. ஒரு வாரத்தில் மோதிரம் திரும்பி வந்தது. நஜ்லா ஸ்வீடனுக்குப் போய்விட்டாள். லோரிஸ் வந்து கேட்டபோது நுஹாத் சிலுவை மேல் சத்தியம் செய்தாள், நான் சொல்லவே இல்லை என்று. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. லோரிஸ் கடையை விற்றுவிட்டு ஊரின் அந்தப் பக்கத்துக்குக் குடிபோனாள்.

பிறகு சண்டை வந்தது. லோரிஸின் பகுதிக்கும் எங்கள் பகுதிக்கும் நடுவில் ஒரு சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் ஒரு சந்து. மாடிகளிலிருந்து குறிபார்த்துச் சுடுகிறவர்கள் கண்ணில் படாமலிருக்க, சந்து நெடுக வீட்டு விரிப்புகளையும் பேருந்துத் தார்ப்பாய்களையும் தைத்துத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றடித்தால் திரை விலகும். விலகுகிற நேரத்தில் நடக்கிறவள் தலையெழுத்து எப்படியோ அப்படி.

எங்கள் தேவாலயத்துப் பங்குச்சாமி பூலுஸ் அந்தச் சந்து வழியாகத்தான் படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு, ஆண்டவரின் உடலாக நாங்கள் உட்கொள்ளும் அப்பமான நற்கருணையைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். கோயில் முற்றத்தில் ஒரு குண்டு விழுந்து அவர் முழங்காலில் இரும்புத்துண்டு பாய்ந்த பிறகு நடக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே பூசை வைத்தார். அந்த ஞாயிறு பிரசங்கத்தில், "கடவுளோட அழைப்பு சாமிமாருக்கு மட்டும் வர்றதில்ல. காய்கறி விக்கிறவனுக்கும் வரும், முடி வெட்டுறவளுக்கும் வரும்" என்றார். நுஹாத் என் காதில், "எனக்கு வந்தா வீட்டுல இல்லைன்னு சொல்லிருங்க ஓடெட் அக்கா" என்று கிசுகிசுத்தாள். நான் கோயிலில் சிரித்துவிட்டேன்.

பூசை முடிந்ததும் சாமி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவள் என் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"நுஹாத், ஒரு வீட்டுக்கு நற்கருணை கொண்டு போகணும்."

"சாமி, நானா? என் கையிலயா? எனக்குக் காப்பித் தட்டு ஏந்தினாலே கை ஆடுமே."

"நாலு பேரைக் கேட்டேன். நாலு பேரும் முடியாதுன்னுட்டாங்க. போன வாரம் கால் நல்லா இருந்தப்ப நானே போய் அவ பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்பு குடுத்து, எண்ணெய் பூசி நோயில்பூசுதலும் கொடுத்துட்டு வந்தேன். அப்ப அவளால தண்ணி கூட விழுங்க முடியல. இப்ப ரெண்டு நாளா கொஞ்சம் இறங்குதாம். சாகுறதுக்குள்ள ஒரு தடவை ஆண்டவரை வாங்கிக்கணும்னு கேக்குறா. ரெண்டு மூணு நாள் தாங்குவாளான்னு தெரியல."

"யாரு சாமி?"

"லோரிஸ்."

நுஹாத் என் கையை விட்டுவிட்டாள். அவள் ஒரு வார்த்தை பேசாமல் நின்றதை நான் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அன்று மத்தியானம் என் சமையலறையில் வந்து உட்கார்ந்து அழுதாள். "அந்தச் சந்துல சுட்டுருவானுங்க அக்கா" என்றாள். போகாதேடி என்றேன். "போனா அவ என் மூஞ்சியில காறித் துப்புவா" என்றாள். அதனாலும் போகாதே என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவ பொண்ணு கல்யாணத்தைக் கெடுத்தேன். இப்ப இதையும் கிடைக்காம பண்ணிட்டேன்னா நான் எங்கே போய் நிப்பேன்?" என்றாள். ரொட்டியும் ஆலிவும் எடுத்து வைத்தேன், தொடவில்லை.

மறுநாள் காலை சாமி ஒரு சின்ன வெள்ளிச் சிமிழில் அப்பத்தை வைத்து, துணிப்பையில் போட்டு, அவள் கழுத்தில் மாட்டிவிட்டார். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: "வழியில யார்கிட்டயும் பேசாதே. நிக்காதே. ஆண்டவரோட போறோம்ங்கிற நினைப்போட போ. அங்க போனதும் செபத்தைச் சொல்லிட்டு அப்பத்தைக் குடு. குடுத்து முடியற வரைக்கும் வேற பேச்சு வேண்டாம். வழியில யாராவது சிமிழைப் பறிக்க வந்தா, அவமரியாதை ஆகாம நீயே உட்கொண்டுட்டுத் திரும்பிரு. அது தப்பில்ல."

சாமிக்கு அவள் வாயைப் பற்றித் தெரியும். அதனால்தான் பேசாதே என்பதை இரண்டு தடவை சொன்னார். அவள் அதை இருநூறு தடவை கேட்டதுபோல மனதில் ஏற்றிக்கொண்டாள்.

இனி நான் சொல்வது அவள் என்னிடம் சொன்னது. சாவடி வரைக்கும் பற்களைக் கடித்துக்கொண்டு போயிருக்கிறாள். தண்ணீர் வரிசையில் நின்ற பெண்கள், "என்ன நுஹாத், கோபமா?" என்று கேட்டார்கள். தலை குனிந்து தாண்டிவிட்டாள். சாவடியில் ஒரு இளவயதுச் சிப்பாய் துப்பாக்கியை நீட்டி நிறுத்தினான்.

"எங்க போறே?"

இவள் பேசவில்லை.

"உன்னத்தான் கேக்குறேன். கழுத்துல என்ன?"

சிலுவை அடையாளம் போட்டாள். அவனுக்கு என்ன புரிந்ததோ, ஓரடி பின்னால் போய்த் துப்பாக்கியை நெஞ்சுக்கு நேரே தூக்கினான்.

"ஊமையா நீ? ஊமைன்னா தலையாட்டு!"

ஊமை என்று தலையாட்டினால் பொய். கழுத்தில் ஆண்டவரை வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியுமா? ஆட்டவில்லை. ஆட்டாத தலையைப் பார்த்து அவனுக்கு இன்னும் சந்தேகம். துப்பாக்கியில் 'கடக்' என்று ஒரு சத்தம். நுஹாத்துக்குப் பாவாடை நனைந்துவிட்டது. இதையும் அவளேதான் சொன்னாள், வெட்கப்படாமல்.

"பையைத் திற. இல்லைன்னா நான் திறப்பேன்."

அந்த நேரத்தில்தான் சாமி சொன்னது நினைவுக்கு வந்திருக்கிறது. எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் போதும். திரும்பி வீட்டுக்குப் போகலாம். சந்தும் இல்லை, லோரிஸும் இல்லை. யாரும் குறை சொல்ல முடியாது, சாமியே தப்பில்லை என்றாரே. "அக்கா, எனக்கு அப்ப எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா, தப்பிச்சோம்னு" என்றாள். சிமிழைத் திறந்தாள். விரல் அப்பத்தின் மேல் பட்டது.

எடுக்கவில்லை. இவன் இன்னும் பறிக்கவில்லையே, பார்க்கத்தானே கேட்கிறான் என்று ஒரு எண்ணம். இதைத் தின்றுவிட்டால் லோரிஸுக்கு வேறு யார் கொண்டுபோவார்கள் என்று இன்னொரு எண்ணம். திறந்த சிமிழை இரண்டு கையாலும் அவன் முன்னால் நீட்டினாள். கை நடுங்கிய நடுக்கத்தில் மூடி சிமிழில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. அவன் எட்டிப் பார்த்தான். வெள்ளையாக ஒரு துண்டு அப்பம். அவளைப் பார்த்தான், ஈரமான பாவாடையைப் பார்த்தான்.

"இதுக்கா? இவ்வளவு பயப்படுறவ எதுக்கு வந்தே?"

அவள் சிமிழை மூடினாள். அவன் துப்பாக்கியைத் தாழ்த்தினான். "போ. திரையை ஒட்டியே போ. காத்தடிச்சா உக்காந்துக்கோ" என்றான்.

காற்று இரண்டு தடவை அடித்தது. இரண்டு தடவையும் நெஞ்சோடு சிமிழை அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். எங்கேயோ ஒரு குண்டு விழுந்து சந்து முழுக்கத் தூசி. ஒரு கால் செருப்பு போன இடம் தெரியவில்லை.

லோரிஸின் வீட்டுக் கதவைப் பக்கத்து வீட்டுக்காரி திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். உள்ளே லோரிஸ் தனியாகக் கிடந்தாள். ஊரிலுள்ள தலைகளையெல்லாம் அலங்கரித்தவள் தலையில் முடியே இல்லை. கண் மட்டும் அதே கண்.

"நீயா?"

நுஹாத் தலைகுனிந்தபடியே சின்ன மேசையில் வெள்ளைத் துணியை விரித்தாள், மெழுகுவர்த்தி ஏற்றினாள், செபத்தை ஆரம்பித்தாள். அப்பத்தை எடுத்து, "கிறிஸ்துவின் உடல்" என்றாள்.

லோரிஸ் வாயைத் திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு இவளையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "மனப்பாடம் பண்ணினதை ஒப்பிக்கிறே. எங்கிட்ட சொல்றதுக்கு உனக்கு ஒரு வார்த்தை கிடையாதாடி?"

கொடுத்து முடிகிற வரைக்கும் வேறு பேச்சு வேண்டாம் என்று சாமி சொல்லியிருக்கிறாரே. நுஹாத் அப்பத்தைப் பிடித்தபடியே நின்றாள்.

"அன்னைக்கு அவ்வளவு பேசின வாய்தானே? உன் கையால வாங்காமயே சாகுறேன், போ."

லோரிஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

துப்பாக்கிக்கு முன்னால்கூட அவளுக்கு அப்படிப் பயம் வரவில்லையாம். பேசினால் ஆண்டவருக்கு அவமரியாதை, பேசாவிட்டால் இவள் ஆண்டவர் இல்லாமலே போய்விடுவாள். அதைவிட, பேசினால் எதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அப்பத்தைத் திரும்பச் சிமிழில் வைத்து மூடினாள். கட்டிலருகே மண்டியிட்டாள்.

"நான்தான் சொன்னேன் லோரிஸ். நஜ்லாவுக்கு வலிப்பு வந்ததை நான்தான் சொன்னேன். சிலுவை மேல பொய்ச் சத்தியம் பண்ணினேன்."

லோரிஸ் ரொம்ப நேரம் திரும்பவில்லை.

"தெரியும்டி" என்றாள் கடைசியில். "அந்தச் சித்திக்காரியே வந்து சொல்லிட்டாளே. நீ சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தேன். இவ்வளவு வருஷமாச்சு உனக்கு."

"பயமா இருந்துச்சு."

"எனக்கும் இப்ப பயமா இருக்கு, நுஹாத்." லோரிஸ் திரும்பி அவள் கையைப் பிடித்தாள். "ராத்திரியானா ரொம்பப் பயமா இருக்கு. இது எப்படிடி நீ வாழ்க்கை பூரா தாங்கினே?"

"தாங்கல. பேசிக்கிட்டே இருந்தேன்."

லோரிஸ் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கிய பிறகு சொன்னாள்: "நான் மன்னிச்சுட்டேன். ஆனா கெட்டது என் வாழ்க்கை இல்ல. நஜ்லாகிட்டயும் சொல்லு. என்கிட்ட சொன்ன மாதிரியே, சுத்தி வளைக்காம." சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள். நுஹாத் சிமிழைத் திறந்தாள்.

திரும்பி வரும்போது சாவடியில் அதே சிப்பாய். "குடுத்தாச்சா?" என்று கையால் சைகை காட்டினான்.

"குடுத்தாச்சு தம்பி, நல்லா இருப்பே" என்றாள்.

"அடிப்பாவி! நீ ஊமை இல்லையா?" என்று அவன் துள்ளிவிட்டானாம்.

சாமி நடந்ததைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "வம்பு பேசாதேன்னு சொன்னேன். துப்பாக்கியை நீட்டினா பதில் சொல்லாதேன்னா சொன்னேன், பைத்தியமே?" பிறகு கட்டில் பக்கம் அவள் பேசியதைக் கேட்டதும் தலையிலிருந்து கையை எடுத்தார். "அங்க பேசினது சரிதான்" என்றார்.

லோரிஸ் இரண்டு நாளில் போய்விட்டாள். சந்து அடைபட்டுவிட்டதால் அடக்கத்துக்கு நாங்கள் யாரும் போக முடியவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஸ்வீடனிலிருந்து என் வீட்டுக்குப் போன் வந்தது. நஜ்லாவின் குரல். "ஓடெட் பெரியம்மா, அம்மாவுக்கு யாரோ நற்கருணை கொண்டு போனாங்களாமே. அது யாருன்னு தெரியுமா? அவங்களுக்கு நான் நன்றி சொல்லணும்" என்று அழுதாள்.

நுஹாத் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினாள். எழுந்து கதவுவரைக்கும் போனாள். எனக்கே அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வீட்டில் இல்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கதவிலிருந்து திரும்பி வந்து கையை நீட்டினாள். போனை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நஜ்லா, நான் நுஹாத் பேசுறேன்" என்றாள். "நன்றி சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோ கண்ணு."