சடங்குக்கு அடியில் போன படம்

அக்காவின் மகன் என் வீட்டுக்கு வந்தால் முதலில் என் கேசட் அலமாரியைப் பார்த்துச் சிரிப்பான். பிறகு போனை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டுவான்.

"இதெல்லாம் எதுக்கு மாமா எடத்த அடைச்சுக்கிட்டு? எல்லாப் படமும் இதுலயே வரும்."

வரும் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். நான் பிறந்தது வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வரிசையில். கரண்ட் வரும் என்றார்கள், ரோடு வரும் என்றார்கள், ஆளுக்கொரு தனி வீடு வரும் என்றார்கள். கரண்ட் ஒன்றுதான் வந்தது, அதுவும் மழை பெய்தால் போய்விடும். நாங்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பரா கம்பெனிக்குச் சொந்தம். அம்மா கொழுந்தெடுக்கும் வரைக்கும்தான் அது எங்களுக்கு, வேலையிலிருந்து பேர் வெட்டினால் சட்டி பானையோடு வெளியே நிற்க வேண்டும்.

அந்தக் காம்பராவுக்குள் இது என்னுடையது என்று கை வைத்துச் சொல்ல எனக்கிருந்தது ஒரு பெட்டி நிறைய வீடியோ கேசட்டுகள். அத்தனையும் பழைய இங்கிலீஷ் விஞ்ஞானப் படங்கள். ராக்கெட், வேற்றுக் கிரகம், பேசும் இயந்திரம், கண்ணாடிக் குடுவையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடக்கும் மனிதர்கள்.

ஏன் இந்தப் படங்கள் என்று கேட்டவர்கள் யாரும் பதிலுக்காகக் கேட்கவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மாஸ்டர் ஒருவர், என்னிடம் ரேடியோ திருத்தத் தர வீட்டுக்கு வந்த இடத்தில் பெட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு, "உமக்கென்ன விசரே? ரெண்டு நல்ல புத்தகத்தை வாங்கி வாசியுமன்" என்றார். பக்கத்துக் காம்பராக்காரி இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். "பாட்டும் இல்ல, சண்டையும் இல்ல. இது என்னா கருமம்?"

இப்போது சொல்கிறேன், யாருக்கு வேண்டுமோ கேட்டுக்கொள்ளட்டும். அந்தப் படங்களில் ஆட்கள் புது மண்ணில் காலை வைத்தவுடன் ஒரு கொடியை நட்டு, இது நம்முடையது என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் ஆட்கள் காட்டை வெட்டித் தேயிலை நட்டு, தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணிலேயே செத்து அதற்கே உரமானார்கள். ஒருவரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்பவர்களைப் படத்திலாவது பார்க்க எனக்குப் பிடித்தது.

தொண்ணூறுகளில் நான் தலவாக்கலையில் ஒரு ரேடியோ திருத்தும் கடையில் வேலை செய்தேன். கேசட்டுகள் அங்கே இங்கே என்று கிடைத்தன. ஹட்டனில் ஒரு வீடியோ கடை மூடும்போது யாரும் தொடாத இங்கிலீஷ் கேசட்டுகளை ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தேன். துரைமார் மாற்றலாகிப் போனால் பங்களாவில் ஏலம் நடக்கும். எல்லாரும் கதிரைக்கும் கட்டிலுக்கும் அடித்துக்கொள்வார்கள், நான் அலமாரி மூலையில் தேடுவேன். சண்டைக் காலம் அது. தமிழன் கையில் பெயர் எழுதாத கேசட் இருந்தால் விடுவார்களா? ஒருமுறை ரயில் நிலையத்தில் பொலிஸ்காரர் என் பையைக் கொட்டி "மேக மொகக்த?" என்று உறுமினார். இது என்ன என்று கேட்டால் என்ன சொல்வது? வேற்றுக் கிரகத்துப் பூதம் என்று எனக்குச் சிங்களத்தில் சொல்லத் தெரியவில்லை. அவர்களுடைய வீடியோ டெக்கிலேயே போட்டுப் பார்த்தார்கள். பூதம் வந்ததும் இன்னும் இரண்டு பேர் கதிரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள், படம் முடியும் வரை என்னை விடவில்லை.

எங்கள் ஊர்ப் பனிக்குக் கேசட்டுகளில் வெள்ளையாகப் பங்கஸ் பூத்துவிடும். ஃபேக்டரியில் தேயிலைத் தூள் அடைக்கும் பலகைப் பெட்டி உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும், ஈரம் ஏறாது. அப்படி ஒன்றை வாங்கி அதில்தான் அடுக்கினேன். ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. நான் எல்லாவற்றிலும் உடைத்திருந்தேன்.

அந்தப் பெட்டியில் ஒரு படத்துக்கு மட்டும் பெயர் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீவியில் சிங்கள எழுத்தோடு போட்ட பழைய கறுப்பு வெள்ளைப் படம். காற்று அன்டெனாவைத் திருப்பிவிட்டதால் நான் கூரையில் ஏறி நின்றேன். இறங்கி வந்து பதிய ஆரம்பிப்பதற்குள் பெயர் போய்விட்டது. கடைசியில் பெயர்கள் ஓட வேண்டிய நேரத்தில் அவர்கள் படத்தை வெட்டிச் செய்தி போட்டார்கள். தூரத்துக் கிரகமொன்றில் ஒரு நிலையத்தைக் காவல் காக்க ஒருவனை விட்டுவிட்டுப் போகிறார்கள். உன்னை அழைத்துப்போகக் கப்பல் வரும் என்று ரேடியோவில் ஒரு குரல் தினமும் சொல்கிறது. அவன் கிழவனாகிறான். கடைசியில் கப்பல் வந்தே விடுகிறது, வந்தவர்கள் கதவைத் தட்டுகிறார்கள், அவன் திறக்கவில்லை. அவ்வளவுதான் படம். பதிந்த அன்றைக்கு ஒரு தரம் பார்த்தேன், நாடா தேயக்கூடாது என்று பத்திரப்படுத்தினேன். என்னிடமிருந்த எல்லாவற்றையும் விட எனக்கு அது பெரிது. அதைப் போன்ற இன்னொரு பிரதியை எந்தக் கடையிலும் கேட்டு வாங்க முடியாது, பெயர் தெரிந்தால்தானே கேட்பதற்கு?

இனி மச்சானுக்கு வருகிறேன். அக்காவின் புருசன், தோட்டத்து லொறி டிரைவர். மச்சான் தயவு இருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்பார்கள். நாங்கள் ஏற்கெனவே மலையில்தான் இருந்தோம், அந்தத் தயவைத்தான் தாங்க முடியவில்லை. கல்யாணமோ சாவோ, நடுவில் நின்று சத்தம் போடுவது அவர்தான். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அக்காவின் மூத்த மகள் பெரிய மனுசியானாள். எங்கள் வழக்கத்தில் சடங்கென்றால் தாய்மாமன்தான் எல்லாம். பட்டு, வளையல், பலகாரத் தட்டு, மாலை என்று தாய்மாமன் வீட்டுச் சீர் வராமல் பிள்ளையை மணையில் உட்கார வைக்க மாட்டார்கள். நான் ஒரே தாய்மாமன். ஒரு குறையும் வைக்காமல் தட்டு தூக்கினேன். மச்சான் டவுனிலிருந்து வீடியோக்காரனைக் கூட்டி வந்திருந்தார். எடுத்ததைப் பாட்டெல்லாம் சேர்த்துப் பதிந்து தர, நல்ல கேசட் ஒன்று கொண்டுவரச் சொன்னானாம்.

கேசட் தயாரானதும் அக்கா வீட்டில் எல்லாரும் கூடிப் பார்த்தோம். என் டெக்கைத்தான் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். நான் தட்டோடு வருவதைப் பார்த்து அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆரத்தி முடிந்தது. திரையில் கொஞ்ச நேரம் புள்ளி புள்ளியாகக் கொதித்தது. பிறகு, கறுப்பு வெள்ளையில், தாடி வளர்ந்த ஒரு கிழவன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். கீழே சிங்கள எழுத்து.

வீடே சிரித்தது. "யாருப்பா இது, மாப்ள வீட்டுக்காரவுங்களா?" என்றான் ஒருவன். நான் டெக்கை நிறுத்திக் கேசட்டை வெளியே எடுத்தேன். முதுகில் நான் உடைத்திருந்த ஓட்டைக்கு மேல் ஒரு துண்டுப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. ஓட்டையை மூடினால் மறுபடியும் பதியலாம். அப்படியென்றால் இது தெரியாமல் நடந்ததல்ல. எடுத்து, பார்த்து, ஓட்டையை மூடிக் கொடுத்திருக்கிறார்கள்.

"யாரு எடுத்தது?" என்று கேட்டேன்.

மச்சான் அக்காவை ஒருதரம் பார்த்தார். பிறகு வழக்கமான சத்தத்தில் சொன்னார். "நாந்தான் எடுத்தேன் மாப்ள. நல்ல கேசட் ஒன்னும் அம்புடல. தாய்மாமன் சீரோட சீரா இதயும் நெனச்சுக்க."

சீராம்! கேட்டிருந்தால் புதுக் கேசட்டாகவே பத்து வாங்கித் தந்திருப்பேன். தட்டிலே வைத்துத் தூக்கி வந்திருப்பேன். படத்தின் முக்கால்வாசி போய்விட்டது, கிழவனின் வால் மட்டும் மிச்சம். கேசட்டைக் கையோடு கொண்டுவரவும் முடியவில்லை, அதில் அக்காவின் மகள் இருக்கிறாள். அதை அங்கேயே வைத்துவிட்டு டெக்கைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அன்றோடு மச்சானோடு பேச்சு முடிந்தது. அக்கா வந்தால் பேசுவேன், அவர் வந்தால் எழுந்து போவேன்.

ஒரு தீபாவளிக்கு அவர் வந்தார். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். கதவைத் தட்டி "மாப்ள, மாப்ள" என்று கூப்பிட்டார். நான் உள்ளேதான் இருந்தேன். ரேடியோ சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். வெகுநேரம் தட்டினார். போன பிறகு பார்த்தால் வாசலில் புதுக் கேசட்டுகள் ஒரு பாக்கெட். அன்று மழை. பாக்கெட் நனைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. எதற்கு எடுக்க வேண்டும்? வெறும் கேசட்டையா நான் பறிகொடுத்தேன்?

பிறகு சீடி வந்தது. லயத்தில் முதல் டிஷ் மாட்டியவரும் மச்சான்தான். "இனி எல்லாம் டிஷ்லயே வரும், டெக்க எல்லாம் தூக்கிப் போடுங்க" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சனமும் தூக்கிப் போட்டது. கேசட்டை உடைத்து நாடாவை உருவி, கரட், கோவா என்று காய்கறி போட்ட பாத்திகளுக்கு மேல் குருவி விரட்டக் கட்டினார்கள். பாத்தி வழியே நடக்கும்போது யாருடைய கல்யாணமோ காற்றில் படபடத்தது. நான் மட்டும் டெக்கை வைத்திருந்தேன். இன்னும் மூன்று பழைய டெக்குகளை உதிரிப்பாகத்துக்காக வாங்கி வைத்தேன். அம்மாவே என்னைக் கிறுக்கன் என்றாள்.

மச்சான் லொறியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. நான் போனேன், செய்ய வேண்டியதைச் செய்தேன், அழவில்லை. கருமாதி முடியும்வரை சாவு வீட்டில் டீவி போட மாட்டார்கள். அது முடிந்த மத்தியானம் அக்கா பிள்ளைகளோடு என் வாசலில் நின்றாள். முந்தானையில் சுற்றிய அந்தக் கேசட் அவள் கையில் இருந்தது.

"அவரு பேசுறது இதுல மட்டுந்தான் இருக்கு. தோட்டத்துல எங்கயும் டெக் இல்ல, தம்பி."

எனக்கு முதலில் வந்தது இரக்கமல்ல. தூக்கிப் போடச் சொன்ன ஆளுடைய முகத்தைப் பார்க்க, தூக்கிப் போடாதவன் வீட்டுக்குத்தானே வர வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு கேசட்டை வாங்கினேன். முதுகில் அதே பிளாஸ்டர், மஞ்சளித்துப் போயிருந்தது. கொழுந்தெடுக்கும் பெண்கள் விரல் வெடிப்புக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் வாங்கி ஒட்டுவது. நான் அதையே பார்ப்பதை அக்கா கவனித்தாள்.

"அது நான் ஒட்டுனது" என்றாள்.

நான் நிமிர்ந்தேன்.

"வீடியோக்காரன் நல்ல கேசட்டு கேட்டான். ஒம் பொட்டியில பளபளன்னு இருந்தது இதுதான். ஓட்டைய மூடுனா பதியலாம்னு அவந்தான் சொன்னான். அவருக்கு ஒன்னுமே தெரியாது. யாரு எடுத்ததுன்னு நீ கேட்டப்ப எம் மூஞ்சியப் பாத்துட்டு அவரு தலையில போட்டுக்கிட்டாரு."

"இத்தன வருசமா சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா எங்கூடயும் பேச மாட்ட. எனக்குக் கூடப்பொறந்தது நீ ஒருத்தன். நான் சொல்றேன்னுதான் நின்னேன், அவருதான் வேணாம்னுட்டாரு."

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அக்கா மேல், வீடியோக்காரன் மேல், எல்லாரையும் விட அந்த மனுசன் மேல். திட்டு வாங்குவதிலும் அடுத்தவன் காரியத்தில் தலையிடாமல் அவரால் இருக்க முடியவில்லை. செத்த ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

டெக்குக்குள்ளே நாடா உரசும் தலையைத் துடைத்துக் கேசட்டைப் போட்டேன். பாட்டுக்கு நடுவே ஒரு இடத்தில் மட்டும் வீடியோக்காரன் உண்மையான சத்தத்தை விட்டு வைத்திருந்தான். மச்சான் வெள்ளை வேட்டியோடு நடுவில் நின்று கத்துகிறார். "மாப்ள எங்க? தாய்மாமன் வராம ஒரு தட்டும் நகராது! கூப்புடுங்க எம் மாப்ளைய!" நான் ஈரத்தலையோடு ஓடி வருகிறேன். என் தோளில் கை போட்டுக் கேமராவைப் பார்க்க வைக்கிறார். நான் சிரிக்கிறேன். அக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது, அதையும் நான் விரும்பவில்லை.

ஆரத்தி முடிந்தது. புள்ளிகள் கொதித்தன. கிழவன் ஜன்னலில் வந்து நின்றான். நான் நிறுத்தப் போனேன். "இருக்கட்டும்" என்றாள் அக்கா. கப்பல் வந்து, கதவைத் தட்டி, அவன் திறக்காமல், செய்தி வாசிப்பவர் வந்து நிற்கும் வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு வருசமும் மச்சானின் திதிக்குப் படையல் முடிந்து, சாப்பிட்டுவிட்டு அக்காவும் பிள்ளைகளும் லயத்துச் சனமும் என் வீட்டுக்கு வருகிறார்கள். சடங்கை முழுக்கப் பார்ப்பார்கள், கிழவனையும் முழுக்கப் பார்ப்பார்கள். பாட்டும் இல்லை சண்டையும் இல்லை என்று சொன்ன அதே சனம், பேச்சுமூச்சில்லாமல். ஒவ்வொரு தடவையும் நாடா கொஞ்சம் தேய்கிறது, அது எனக்கு மட்டும் தெரியும். சீடியில் பதிந்து அக்காவிடம் கொடுத்தேன். அதில் வேண்டாமாம், இங்கேயே வந்து பார்க்கிறார்களாம்.

போனவாட்டி படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்கா மகனிடம் கேட்டேன், எல்லாம் வரும் என்றாயே, இந்தப் படத்தை வர வை, பார்ப்போம் என்று. கிழவன், கிரகம், கப்பல் என்று என்னென்னவோ அடித்துத் தேடினான். வேறெதெல்லாமோ வந்தது. "பேரு இல்லாம எப்புடி மாமா தேடுறது?" என்று போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்.

அக்காதான் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். கிழவன் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான், அந்தப் பக்கம் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அம்புட்டுத் தொலைவுலருந்து கூப்புட வந்திருக்காங்க. இந்த மனுசன் ஏன்டா கதவத் தெறக்க மாட்டேங்குறான்? முன்னுக்கு என்னதான் நடந்துச்சு இவனுக்கு?"

"ஒம் மகளுக்குச் சடங்கு நடந்துச்சுக்கா" என்றேன். "அதான் நடந்துச்சு."

படம் முடிந்ததும் நான் கேசட்டை மறுபடி முதலுக்குச் சுற்றி வைத்தேன்.