தகரத்துக்கு அந்தப் பக்கம்

குண்டு போடாத ஏர்கன் துப்பாக்கியைக் கடைக்கு வந்தவர் கையில் கொடுத்துவிட்டு, கடைக்காரர் டீ குடிக்கத் தொடங்குவார். "சுவத்துல அந்த ஆணி தெரியுதா? அதையே குறி பாத்துக்கிட்டு இருங்க." டீ தீரும்வரை வந்தவர் அப்படியே நிற்க வேண்டும். பாதி டம்ளரிலேயே பலருக்குக் குழல் நுனி ஆடத் தொடங்கிவிடும். "எலி உங்களுக்காகக் காத்திருக்காதுங்க. நீங்கதான் அதுக்காகக் காத்திருக்கணும். இது உங்களுக்குக் கனம்" என்று வாங்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்.

விதை, தீவனம், கயிறு, மருந்தடிக்கும் டப்பா எல்லாம் விற்கும் கடை அது. ஏர்கன்கள் உள் அலமாரியில் ஐந்தாறுதான் இருக்கும். நான் மூலையில் உட்கார்ந்து விதைப் பொட்டலம் கட்டுகிறேன். ஆறு வருடமாக அவரைப் பார்க்கிறேன். யோசிக்கும்போது அவருடைய இடது கண் தானாக மூடிக்கொள்ளும். குழம்பில் உப்பு பார்க்கும்போதுகூட அப்படித்தான்.

ஊரில் அவருக்கு எலி வாத்தியார் என்று பெயர். அத்தனை கேள்வி கேட்பார். எத்தனை அடி தூரம், யார் சுடப்போவது, எலி மட்டும்தானா, அணிலுமா. பெண்கள் வந்தால், குண்டு போடுவதற்காகக் குழலை அவர்களையே மடக்கச் சொல்வார். "நீங்களே மடக்கிப் பாருங்கம்மா. வீட்டுக்காரர் வந்து மடக்கிக் குடுக்கிறதுக்குள்ள எலி பேரன் பேத்தி எடுத்துரும்." கடைசிக் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். "எலிக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

அந்தக் கேள்விக்குக் காரணம் அலமாரிக்கு மேலே தொங்குகிறது. உள்ளங்கை அகலத்தில் துருப்பிடித்த ஒரு தகரத் துண்டு. நடுவில் பயறு நுழையும் அளவு ஓட்டை. முன்பு ஒரு பால்காரருக்கு, கடையில் இருந்ததிலேயே வேகமான ஏர்கன்னையும் கூர்முனைக் குண்டையும் இவரே பெருமையாக எடுத்துக் கொடுத்தார். குண்டு எலியைத் துளைத்து, பின்னால் இருந்த தடுப்புத் தகரத்தையும் துளைத்து, அந்தப் பக்கம் கட்டியிருந்த கன்றின் கண்ணில் நின்றது. இவர் போய்ப் பார்த்தார். புதுத் தகரம் அடித்துக் கொடுத்துவிட்டு, பழையதை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார். அன்று முதல் கூர்முனைக் குண்டு கடைக்குள் வருவதில்லை.

போன வாரம் அவருடைய மருமகன் வந்தார். கோழிப்பண்ணை வைத்திருப்பவர். ஒரே நாளில் பதினெட்டுக் குஞ்சுகளை எலி கடித்துப் போட்டிருந்தது. அவர் வருவதற்கு முன்பே மகள் போனில் பேசிவிட்டாள். "அப்பா, அவர் கோவத்துல வர்றார். கேள்வி கீள்வி கேக்காம குடுத்து அனுப்பிருங்க. இங்க நான்தான் பேச்சு வாங்கணும்."

"வாங்க மாப்பிள்ளை" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மருமகன் உட்காரவில்லை.

"இருக்கிறதுலயே பெருசாக் குடுங்க மாமா. எலியப் பாத்து எங்க வீட்டுப் பூனையே பயப்படுது."

"தீவன ரூம்லதான சுடப்போறீங்க? எட்டடிக்கு எதுக்கு அவ்வளவு வேகம்?"

"உங்க பாடத்த மத்தவங்களுக்கு நடத்துங்க."

அவருடைய இடது கண் மூடிக்கொண்டது. "தீவன ரூம் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இப்ப என்ன இருக்கு?"

மருமகன் வாசல் பக்கம் திரும்பினார். "தொட்டில்" என்றார். "அங்கதான் காத்து வருது. பாப்பா இருக்கிறப்ப நான் சுடுவேனா?"

"அப்ப இப்ப வேண்டாம் மாப்பிள்ளை."

"பொண்ணையே குடுத்தீங்க. துப்பாக்கி குடுக்க யோசிக்கிறீங்க."

"பொண்ணு குடுக்கும்போதும் யோசிச்சேன்."

என் கையிலிருந்த நூல் அறுந்தது. மருமகன் செருப்பை மாட்டிக்கொண்டு, "வேற கடையே இல்லையா?" என்றார். இருக்கிறது. அங்கே எந்தக் கேள்வியும் கேட்க மாட்டார்கள். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

மாமனார் நாற்காலி மேல் ஏறித் தகரத்தை எடுத்து மருமகன் கையில் வைத்தார். இதுவரை மருமகன் கேலி பேசிக்கொண்டு தூரத்திலிருந்தே பார்த்த தகரம். மருமகன் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டை வழியாக வந்த வெயில் அவர் சட்டையில் ஒரு பொட்டாக விழுந்தது. வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செருப்பைக் கழற்றினார். வீட்டுக்கு அவரே போன் போட்டார்.

"தொட்டில முன் ரூமுக்கு மாத்திரு."

"இப்பவா? இப்பத்தான் தூங்குறா" என்றது மகளின் குரல்.

"தூங்கட்டும். தூக்கிட்டுப் போ."

மாற்றியாயிற்று என்று அவள் சொல்லும்வரை இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் அவர் உள் அலமாரியைத் திறந்தார். வேகம் குறைந்த, கனம் குறைந்த ஒன்றை எடுத்தார். தட்டைமுனைக் குண்டு ஒரு டப்பா. "தடுப்ப ஒட்டி ரெண்டு வரிசை மணல் மூட்டை அடுக்குங்க. அதுக்கு அப்புறம்தான் முதல் குண்டு." மருமகன் தலையாட்டினார்.

"ஆணி தெரியுதா மாப்பிள்ளை?"

மருமகன் குறி பார்த்தார். கை ஆடவில்லை. குழல் நுனி ஆணியை விட்டு நகரவில்லை. மாமனார் டம்ளரை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

நான் அடுத்த பொட்டலத்துக்கு நூல் எடுக்க எழுந்தபோது டம்ளருக்குள் பார்த்தேன். டீ எப்போதோ தீர்ந்திருந்தது. அவர் இன்னும் குடித்துக்கொண்டிருந்தார்.