மூன்றாவது படி

திருவண்ணாமலைக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். வந்த வருஷமே மாமனார் எங்களுக்கு மாடியில் ஓர் அறை கட்டினார். மரப்படி போட ஒரு பாய் வந்தார். ஒல்லியான ஆள், தாடியெல்லாம் மரத்தூள்.

"வெளிப்பக்கம் வெச்சா மலையைப் பாத்துக்கினே இறங்கலாங்க" என்றார்.

கூடத்தில், தன் சாய்வு நாற்காலிக்கு எதிரேதான் வேண்டும் என்றார் மாமனார். என்னை யார் கேட்டார்கள்?

ஒவ்வொரு படியையும் பொருத்தியதும் பாய் அதன்மேல் நின்று, கண்ணை மூடிக் கேட்பார். கிறீச்சென்றால் கழற்றி மறுபடி இழைப்பார்.

"மூணாவது படியை மட்டும் லூசா விடுங்க பாய். திருடன் வந்தா சத்தம் கேக்கணும்."

"மாடியில திருட என்னங்க இருக்கு? மருமகப் பொண்ணுதானே இருக்குது?"

"சொன்னதைச் செய்யுங்க."

பாய் ஆணியைத் தளர்த்தினார். அந்தப் படியில் மட்டும் அவர் ஏறி நிற்கவில்லை.

வேலை முடிந்த அன்று டீ கொண்டுபோனேன். தம்ளரை வாங்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே, "சுவரோரமா கால் வெச்சா அது கத்தாதும்மா" என்றார். என்னிடம் அவர் பேசியது அவ்வளவுதான். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

மாமனார் போய்ப் பல வருஷமாகிவிட்டது. எதிரே அந்த நாற்காலியும் இல்லை. நான் இன்னமும் சுவரோரமாகத்தான் இறங்குகிறேன்.